நான்கு மில்லிமீட்டருக்குள் ஒரு காளை: எகிப்திய முறையில் விலங்குப் புடைப்புச் சிற்பம் செதுக்குவது எப்படி

எகிப்தின் சக்காரா என்ற பழைய இடுகாட்டில் தி என்ற 5ஆம் வம்சத்து (கி.மு. 2400 வாக்கில்) அதிகாரியின் கல்லறை இருக்கிறது. அதன் சுவர் ஒன்றில் மாடுகள் நீரைக் கடக்கின்றன. முன்னால் போகிற மேய்ப்பன் கன்றுக்குட்டியை முதுகில் சுமந்திருக்கிறான். கன்று தலையைத் திருப்பித் தாயைப் பார்க்கிறது. அந்தத் தவிப்பு முழுவதும் சுவரிலிருந்து சில மில்லிமீட்டர் மட்டுமே எழும்பிய கல்லில் அடங்கியிருக்கிறது.

இந்தச் சிற்ப முறையைக் கையில் எடுப்பவர்கள் முதலில் மனதில் வாங்கவேண்டியது இதுதான்: எகிப்தியப் புடைப்பில் வெளிக்கோடுதான் விலங்கு. ஆழம் அந்தக் கோட்டுக்கு நிழல் தருவதற்கு வந்தது. புதிதாகச் செதுக்குபவர்கள் ஆழமாக வெட்டினால் உயிர் வந்துவிடும் என்று நம்பி, 15 மி.மீ. வரை தோண்டிவிட்டு, உருவம் ஏன் உப்பிப்போய்த் தெரிகிறது என்று திகைக்கிறார்கள். கோடு தவறாக இருந்தால் ஆழம் அந்தத் தவற்றைப் பெரிதாக்கிக் காட்டும், அவ்வளவுதான்.

இங்கே சொல்லப்படுவது 30 × 22 செ.மீ. அளவுள்ள சுண்ணாம்புக்கல் பலகையில், வலப்பக்கம் பார்த்து நிற்கும் நீண்ட கொம்புக் காளை ஒன்றைச் செதுக்கும் வேலை. மொத்த ஆழம் 4 மி.மீ. இத்தகைய சிறு பலகைகளுக்கு எகிப்திலேயே முன்மாதிரி உண்டு. பிற்கால எகிப்திலும் அலெக்சாந்தருக்குப் பின் எகிப்தை ஆண்ட கிரேக்க மரபினரான தாலமி அரசர்கள் காலத்திலும் செம்மறிக்கிடா, சிங்கம், பருந்து, காடைக்குஞ்சு எனத் தனித்தனி உருவங்களைச் சிறு சுண்ணாம்புக்கல் துண்டுகளில் செதுக்கிவைத்தார்கள். அவற்றுள் சிலவற்றில் அளவுக்காகப் போட்ட கட்டக் கோடுகள் இன்றும் தெரிகின்றன.

வெளியே எழுவதா, உள்ளே பதிவதா

எகிப்தியர் இரண்டு வகையாகச் செதுக்கினார்கள். ஒன்றில் பின்னணி முழுவதையும் வெட்டித் தாழ்த்தி, உருவத்தை மேலே நிறுத்துவார்கள். மற்றதில் பின்னணியைத் தொடமாட்டார்கள். உருவத்தின் விளிம்பை மட்டும் உள்ளே வெட்டி, அந்தப் பள்ளத்துக்குள்ளேயே உடலை உருட்டி எடுப்பார்கள். இந்த இரண்டாவது வகையைக் குழிவுப் புடைப்பு என்போம். வெயில் நேரே அடிக்கும் வெளிச்சுவர்களுக்குக் குழிவுதான் பொருத்தம். வெட்டிய விளிம்பில் கருநிழல் விழுந்து கோடு பளிச்சென்று நிற்கும். மங்கலான உட்சுவர்களுக்கு எழும்பிய வகை. கர்னாக் கோயிலின் பெரிய தூண் மண்டபத்தில் இரண்டையும் ஒரே கூரையின் கீழ் ஒப்பிட்டுப் பார்க்கலாம்: வடபாதியில் அரசர் முதலாம் செத்தி எழும்பிய வகையில் செதுக்கவைத்தார். தென்பாதியை முடித்த இரண்டாம் ராமேசஸ் குழிவு வகைக்கு மாறினார். பின்னணியை எடுக்கவேண்டாம் என்பதால் குழிவு வகையில் வேலை வெகுவாகக் குறையும்.

ஆனாலும் கற்பதற்கு எழும்பிய வகையே நல்லது. பின்னணியைத் தாழ்த்தும்போது கல்லின் குணம் கைக்குப் பழகும். உறுப்புகளை மட்டம் மட்டமாகப் பிரிக்கவும் பழகும்.

கல்லைத் தேர்ந்தெடுப்பது

‘பழைய அரசு’ எனப்படும் காலத்தின் (கி.மு. 2700–2200 வாக்கில்) சிறந்த புடைப்புகளுக்கு மணி (கல்லின் துகள்) நுண்மையான வெள்ளைச் சுண்ணாம்புக்கல்லைப் பயன்படுத்தினார்கள். நைலின் கிழக்குக் கரையில், இன்றைய கெய்ரோவுக்குத் தெற்கே உள்ள தூரா சுரங்கங்கள் அதற்குப் பெயர்பெற்றவை. ‘புதிய அரசு’ எனப்படும் காலத்தில் (கி.மு. 1550–1070 வாக்கில்) மேல் எகிப்தியக் கோயில்கள் கெபெல் எல்-சில்சிலாவின் மணற்கல்லுக்கு மாறின. மணற்கல்லில் நுண்ணிய கோடு நிற்காது, விளிம்பு உதிரும். அஸ்வான் கருங்கல்லைச் செப்பு உளியால் வெட்டவே முடியாது. டோலரைட் என்ற கடினமான கரும்பாறை உருண்டைகளால் இடித்தும் குவார்ட்ஸ் மணலால் தேய்த்தும்தான் வழிக்குக் கொண்டுவந்தார்கள். ஆகவே முதல் பலகைக்கு மணி தெரியாத, ஒரே நிறமான மென் சுண்ணாம்புக்கல்லே போதும். கனம் 4 செ.மீ. இருக்கட்டும். எடை ஏறக்குறைய 6 கிலோ வரும். சுத்தியல் அடிக்கு நகராமல் நிற்க அந்த எடை வேண்டும். 2 செ.மீ. பலகை நடுவில் விண்டுபோகும்.

வாங்குமுன் மூன்று சோதனைகள் செய்யுங்கள். நகத்தால் கீறினால் கோடு விழக் கூடாது, கத்தி முனையால் கீறினால் எளிதில் விழவேண்டும். கல்லைச் செங்குத்தாக நிறுத்திச் சிறு சுத்தியலால் தட்டினால் கணீர் என்று ஒலிக்கவேண்டும். மொத்தென்று ஒலித்தால் உள்ளே விரிசல் இருக்கிறது. கடைசியாக, முகப்பை நன்றாக நனைத்துக் காயவிடுங்கள். மற்ற இடம் வெளுத்த பிறகும் ஏதேனும் ஒரு கோடு மட்டும் இருண்டே இருந்தால் அது கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு. அந்தக் கோடு கால்களின் குறுக்கே வருகிற மாதிரி உருவத்தை வைக்காதீர்கள்.

படிவுக் கோடுகளையும் பாருங்கள். சுண்ணாம்புக்கல் அடுக்கடுக்காகப் படிந்து உருவானது. அடுக்குகள் பளிச்சென்று தெரியும் கல்லில், அவை செதுக்கும் முகப்புக்கு இணையாக இருந்தால், காது, கொம்பு நுனி போன்ற மெல்லிய இடங்கள் ஏடாக உரிந்துவரும். பக்கவாட்டில் பார்த்து அடுக்கே தெரியாத துண்டை எடுப்பதுதான் பாதுகாப்பு.

கருவிகளும் தூசும்

எகிப்தியச் சிற்பியிடம் செப்பு உளியும், பிற்காலத்தில் வெண்கல உளியும், மரக் கொட்டாப்புளியும், சிக்கிமுக்கிக் கல்லும், தேய்ப்பதற்கு மணற்கல் துண்டுகளும் இருந்தன. இன்று எஃகு உளி போதும்: ஒரு முனை உளி, 12 மி.மீ. பல் உளி, 12, 6, 3 மி.மீ. தட்டை உளிகள். சுத்தியல் 450 கிராமுக்கு மேல் வேண்டாம். 3 மி.மீ. உளிக்கு 200 கிராம் சிறு சுத்தியலோ மரக் கொட்டாப்புளியோ நல்லது. நுனி வளைந்த சிறு அரங்கள் இரண்டு, பழைய அறுவாள் தகட்டில் செய்த சுரண்டி ஒன்று, எஃகு மட்டக்கோல், மூலைமட்டம், மென்தூரிகைகள், உப்புத்தாள் 120, 220, 400 எண்களில்.

இவற்றோடு ஆழமானி ஒன்றைச் செய்துகொள்ளுங்கள். 25 செ.மீ. நீள மரச்சட்டத்தின் நடுவில் ஒரு திருகாணியை முடுக்கி, அதன் முனை அடிப்பக்கம் சரியாக 4 மி.மீ. வெளியே நிற்கும்படி வையுங்கள். சட்டம் பலகையின் விளிம்புச் சட்டகத்திலும், செதுக்காமல் நிற்கும் உருவத்திலும் படியும்போது திருகாணி பின்னணியைத் தொட்டால் ஆழம் சரி. 4 மி.மீ. என்பது கண்ணால் கணிக்கக்கூடிய அளவு அல்ல. ஆழமானி இல்லாத பலகையில் ஒரு மூலை 3 மி.மீ. ஆகவும் மறுமூலை 7 மி.மீ. ஆகவும் முடிவதுதான் வழக்கம்.

தூசைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். சுண்ணாம்புக்கல்லில் சிலிகா குறைவு என்றாலும் இல்லாமல் இல்லை. மணற்கல்லிலும் கருங்கல்லிலும் மிக அதிகம். அந்தத் தூசு நுரையீரலில் தங்கினால் சிலிகோசிஸ் வரும், வந்தால் தீராது. என்95 அல்லது எஃப்எஃப்பி2 முகக்கவசம், பக்கம் மூடிய கண்ணாடி இரண்டும் எப்போதும் வேண்டும். தேய்க்கும்போது கல்லை ஈரமாக வைத்திருங்கள். தரையை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

முகப்பை மட்டமாக்குதல்

எகிப்தியக் கல்தச்சர்கள் ஒரே உயரமுள்ள மூன்று குச்சிகளை வைத்து மட்டம் பார்த்தார்கள். இரண்டு குச்சிகளை இரு முனைகளில் நிறுத்தி, அவற்றின் தலைகளுக்கிடையே நூலை இழுத்துப் பிடிப்பார்கள். மூன்றாவது குச்சியை இடையில் நகர்த்தினால், நூலைத் தூக்குகிற இடம் மேடு. சிறு பலகைக்கு எஃகு மட்டக்கோலைக் குறுக்கும் நெடுக்கும் மூலைவிட்டமாகவும் வைத்து, பின்னாலிருந்து விளக்கைக் காட்டுங்கள். வெளிச்சம் கசிகிற இடம் பள்ளம். அரை மி.மீ. வித்தியாசம்கூட இங்கே பெரிது, ஏனென்றால் உங்கள் கையிருப்பே 4 மி.மீ.தான். மேடுகளை மணற்கல் துண்டாலோ உப்புத்தாள் சுற்றிய மரக்கட்டையாலோ வட்டமாகத் தேய்த்து எடுங்கள். குழிகளை ஜிப்சம் சாந்தால் அடைக்கலாம். தீப்ஸ் என்ற பழைய நகரின் கல்லறைக் குன்றுகளில் உள்ள உடைசலான பாறையில் எகிப்தியர்களும் அப்படித்தான் அடைத்தார்கள். பாறை மிக மோசமான இடங்களில் சாந்துப் பூச்சிலேயே செதுக்கினார்கள்.

கட்டமும் காவிக்கோடும்

நூலைச் செங்காவிக் கரைசலில் தோய்த்து, இரு முனையிலும் இழுத்துப் பிடித்து, நடுவில் சுண்டிவிட்டால் சுவரில் நேர்கோடு விழும். இப்படிக் கட்டம் போட்டுத்தான் உருவ அளவுகளை வகுத்தார்கள். பழைய அரசுக்கும் புதிய அரசுக்கும் இடைப்பட்ட ‘மத்திய அரசு’ எனப்படும் காலம் முதல் நிற்கும் மனித உருவத்துக்கு உள்ளங்காலிலிருந்து நெற்றி மயிர்க்கோடு வரை 18 கட்டம் என்பது நெடுநாள் நீடித்த கணக்கு. கீழே காளைக்குத் தரப்படும் கணக்கு இந்தப் பலகைக்காக வகுத்தது.

கட்டம் 2 செ.மீ. பலகையில் அகலவாக்கில் 15, உயரவாக்கில் 11 கட்டங்கள் வரும். சுற்றிலும் ஒரு கட்ட அகலம் சட்டகமாக விடுங்கள். அடிச்சட்டகத்தின் மேல்விளிம்புதான் தரைக்கோடு. தரையில்லாமல் மிதக்கும் விலங்கு எகிப்திய முறையில் அரிது. இடப்பக்கத்திலிருந்து எண்ணினால் புட்டம் 2ஆவது கோட்டில், மார்பு 9ஆவது கோட்டில், மூக்கு 12ஆவது கோட்டில். முகத்துக்கு முன்னால் பின்பக்கத்தைவிடக் கூடுதல் வெற்றிடம் வேண்டும், இல்லாவிட்டால் காளை சட்டகத்தில் முட்டிக்கொண்டு நிற்பதாகத் தோன்றும். தரைக்கோட்டிலிருந்து வயிறு 3 கட்டம், முதுகு 6 கட்டம், உச்சந்தலை 6½, கொம்பு நுனி 8½. தலையின் நீளம் 2½ கட்டம், சற்றே கீழ்நோக்கிச் சாய்வாக. முன்கால் முட்டி 1½ கட்ட உயரத்திலும் பின்கால் மூட்டு 2¼ கட்ட உயரத்திலும் வரும். இரண்டையும் ஒரே உயரத்தில் வரைந்துவிட்டால் மேசைக்கு வைத்த கால்கள் மாதிரி ஆகிவிடும்.

வரைவதற்கு இரண்டு நிறம் என்ற எகிப்திய வழக்கத்தை அப்படியே பின்பற்றுங்கள். முதல் வரைவு சிவப்பில். திருத்தம் கறுப்பில். அரசர்களின் பள்ளத்தாக்கில் முடிக்கப்படாமல் நின்றுபோன அரசர் ஹொரெம்ஹெப்பின் கல்லறையில் கட்டம், சிவப்பு வரைவு, கறுப்புத் திருத்தம், பாதி வெட்டிய உருவம் என எல்லா நிலைகளும் அடுத்தடுத்துத் தெரிகின்றன. புடைப்புச் சிற்பத்துக்கு இதைவிடத் தெளிவான பாடம் எங்கும் இல்லை. நல்ல படங்கள் கிடைத்தால் நேரம் எடுத்துப் பாருங்கள். சிவப்பில் வரைந்ததும் பலகையை நிமிர்த்தி வைத்து, இரண்டு மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். தலைகீழாகவும் திருப்பிப் பாருங்கள். பிறகுதான் கறுப்பு. மார்க்கர் பேனா வேண்டாம். மை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, செதுக்கிய பிறகும் கறையாக நிற்கும். தண்ணீரில் குழைத்த காவியும் கரித்தூளும் போதும்.

வரையும்போது எகிப்தியப் பார்வையை விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு உறுப்பும் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் நன்றாக அடையாளம் தெரியுமோ அந்தப் பக்கத்திலிருந்து வரையப்படும். காளையின் தலை பக்கவாட்டில் இருந்தாலும் கொம்புகள் இரண்டும் முன்னாலிருந்து பார்ப்பதுபோல விரிந்து வளைந்து நிற்கும். நான்கு கால்களும் தனித்தனியாகத் தெரியவேண்டும். கொம்பில் சுருக்கத் தோற்றம் காட்ட முயன்றால் பலகை எகிப்திலிருந்து விலகிவிடும்.

மில்லிமீட்டர் பங்கீடு

வெட்டத் தொடங்குமுன் 4 மி.மீ.யை உறுப்புகளுக்குப் பங்கிட்டு, காகிதத்தில் குறித்து, எதிரே ஒட்டிவையுங்கள். பின்னணி 0. அப்பாலுள்ள இரண்டு கால்கள் 1½. இப்பாலுள்ள கால்கள் 3. தோள்பட்டையும் தொடையும் 4, அதாவது கல்லின் பழைய முகப்பு. விலாப் பகுதி 3½. கழுத்து 3. கன்னம் 3½, மூக்கு 2½. கொம்புகள் 2½. காது மட்டும் தலையின்மேல் படிந்திருப்பதால் 4. வால் தொடைமேல் தொங்குவதால் வால் 4இல் நிற்க, அதையொட்டிய தொடை 3½ வரை இறங்கும்.

அடுத்தடுத்த இரண்டு உறுப்புகளுக்கு இடையே அரை மி.மீ. படி இருந்தாலே பக்கவாட்டு ஒளியில் கோடு தெளிவாகத் தெரியும். பழைய அரசுக் கல்லறைகளில் ஒன்றையொன்று மறைத்து வரிசையாக நிற்கும் கழுதைகளும் மாடுகளும் இந்தச் சிக்கனத்தால்தான் சாத்தியமாயின.

வெட்டுதல்

பலகையை ஈரமணல் நிரப்பிய தட்டையான பையின்மேல் கிடத்துங்கள். கட்டை மேசையில் நேரே வைத்து அடித்தால் அதிர்வு கல்லுக்கே திரும்பும். விளக்கு உங்கள் இடப்பக்கம், கல்லோடு கல்லாகத் தாழ்ந்து இருக்கட்டும். இடக்கைக்காரர்களுக்கு வலப்பக்கம். மேலிருந்து விழும் வெளிச்சத்தில் இந்த ஆழத்தில் எதுவும் தெரியாது.

முதல் வெட்டு வெளிக்கோட்டைச் சுற்றி ஓடும் வாய்க்கால். கறுப்புக் கோட்டின்மேல் உளியை வைக்காதீர்கள். கோட்டுக்கு வெளியே 1 மி.மீ. விட்டு, 3 மி.மீ. உளியால் 1½ மி.மீ. ஆழத்துக்கு ‘வி’ வடிவில் வெட்டுங்கள். முதல் அடி உருவத்தின் பக்கம் ஏறக்குறையச் செங்குத்தாக, இரண்டாவது பின்னணிப் பக்கத்திலிருந்து சரிவாக. விட்டுவைத்த அந்த 1 மி.மீ.தான் பிறகு கோட்டைச் சரிசெய்யக் கிடைக்கும் ஒரே இருப்பு. வளைவுகளில் உளியை நகத்தளவு நகர்த்தி நகர்த்தி அடியுங்கள். ஒரே அடியில் வளைவைத் திருப்ப முயன்றால் சில்லு பெயர்ந்து உருவத்துக்குள் ஓடும்.

அடுத்தது பின்னணி. பல் உளியை 45 பாகைச் சாய்வில் பிடித்து, வாய்க்காலில் தொடங்கி வெளிப்புறமாகத் தள்ளி எடுங்கள். உருவத்தை நோக்கி ஒருபோதும் அடிக்காதீர்கள். உடைந்த கால்களில் பெரும்பகுதி இந்த ஒரு தவற்றால் உடைந்தவை. ஒரு சுற்றுக்கு 1 மி.மீ.க்கு மேல் இறங்க வேண்டாம். வாய்க்காலை ஆழப்படுத்து, பின்னணியைத் தாழ்த்து, மறுபடி வாய்க்கால் என்று மாறி மாறிப் போகவேண்டும்.

முனை உளி பெரும் கழிவை வேகமாக எடுக்கும், ஆனால் நேர்க்குத்தாகப் பட்டால் கல்லின் உள்ளே நசுங்கல் உண்டாக்கும். அது முகப்பில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும், 1 மி.மீ. ஆழம் வரைகூடப் போயிருக்கும். எவ்வளவு தேய்த்தாலும் மறையாது, வண்ணம் பூசினாலும் அந்த இடம் வேறாகவே தெரியும். ஆகவே இறுதி மட்டத்துக்கு 1 மி.மீ. முன்பே முனை உளியை ஒதுக்கிவையுங்கள். மிச்சத்தைப் பல் உளியும், கடைசி அரை மி.மீ.யைத் தட்டை உளியும் பார்த்துக்கொள்ளட்டும். தட்டை உளியை 25–30 பாகைக்குத் தாழ்த்தி, மெல்லத் தட்டிச் சீவவேண்டும்.

கால்களுக்கு இடையே உள்ள சிறு பின்னணித் துண்டுகளும், கொம்புகளுக்கு நடுவே உள்ள இடமும் கடினமானவை. அங்கே சுத்தியலைக் குறைத்து, 3 மி.மீ. உளியைக் கையால் அழுத்தியே சுரண்டுங்கள். கொம்பின் குறுக்காக எந்த அடியும் வேண்டாம். அடியிலிருந்து நுனியை நோக்கி, கொம்பின் போக்கிலேயே போகவேண்டும்.

பின்னணி முழுவதும் 4 மி.மீ. அடைந்ததும், விட்டுவைத்த 1 மி.மீ. ஓரத்தைச் சீவிக் கறுப்புக் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். இதுதான் முழு வேலையின் உயிர்நாடி. முதுகுக் கோடு ஒரே இழுப்பில் ஓடவேண்டும். தோள் உச்சியில் ஒரு மேடு, இடுப்பெலும்பின் அருகே ஒரு சிறு எழுச்சி, வால் தொடங்குமிடத்தில் ஒரு இறக்கம். விரலை அந்த விளிம்பில் ஓட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தப்பிய நெளிவு விரலுக்குத் தப்பாது. விளிம்புச் சுவர் ஏறக்குறையச் செங்குத்தாக, அடியில் இம்மியளவு வெளியே சரிந்து நிற்கட்டும். நிழல் கூடும் என்று விளிம்பின் அடியை உள்நோக்கிக் குடைந்தால் விளிம்பு தாங்காது, தேய்க்கும்போதே உதிரும்.

உடலை உருட்டுதல்

முதலில் அப்பாலுள்ள கால்களை 1½ மி.மீ.க்கு இறக்குங்கள். பிறகு பங்கீட்டுத் தாளின்படி மற்ற மட்டங்கள். மட்டங்கள் நின்ற பிறகே வளைவுகள். இந்த வரிசையை மாற்றி, வயிற்றை உருட்டிவிட்டு அப்புறம் காலைப் பிரிக்கப் போனால், கால் சந்திக்குமிடத்தில் கல் மிச்சம் இருக்காது.

இனிச் சுத்தியலுக்கு வேலை குறைவு. சுரண்டியும் வளை அரமும்தான். வயிற்றின் விளிம்பில் 3 மி.மீ. அகலத்துக்கு மட்டும் மென்மையாக உருட்டினால் போதும், நடுப்பகுதி ஏறக்குறையத் தட்டையாகவே இருக்கலாம். உடல் முழுவதையும் பானைபோல் உருட்டுவது எகிப்தியர் செய்யாதது. தட்டையான நடுப்பகுதிதான் வெளிக்கோட்டைக் கூர்மையாகக் காட்டுகிறது. தோள்பட்டையின் பின்விளிம்பு, முன்கால் முட்டியின் எலும்பு, பின்காலின் நரம்பு, அலைதாடியின் மூன்று நான்கு மடிப்பு: இவ்வளவே உள்விவரம். விலா எலும்புகளை எண்ணிக் காட்ட வேண்டாம், பலிக்குக் கொண்டுபோகும் கொழுத்த காளை அது.

கண்ணுக்குத் தனி நேரம் ஒதுக்குங்கள். 5 செ.மீ. நீளத் தலையில் கண் 8 மி.மீ. இருக்கட்டும். உச்சந்தலைக்கும் மூக்குக்கும் இடையே மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில் அமையும். பாதாம் வடிவத்தை ஊசிமுனையால் கீறி, கோட்டின் உட்பக்கத்தை அரை மி.மீ. இறக்குங்கள். கண்மணியின் நடு மட்டும் உயர்ந்து, இரு மூலைகளுக்கும் வழிந்து இறங்கவேண்டும். பிறகு வெளிப்பக்கம் 1 மி.மீ. தள்ளி இன்னொரு கோடு. இரண்டு கோடுகளுக்கு இடையே நிற்பது இமை. இமைக்கு வெளியே தோலைச் சற்றுத் தாழ்த்தினால் இமை தானாக எழும். முன்மூலையிலிருந்து மூக்கை நோக்கி 3 மி.மீ. நீளத்துக்கு மெல்லிய வாய்க்கால் ஒன்றை நீட்டுங்கள். அது இல்லாத கண் மனிதக் கண்ணாகிவிடும். இமை பெயர்ந்துவிட்டால் பதற வேண்டாம். சுற்றியுள்ள தோலை அரை மி.மீ. தாழ்த்திப் புதிய இமை எடுக்க 3½ மி.மீ. கன்னத்தில் இன்னும் இடம் இருக்கிறது.

குளம்பைப் பிளவோடு காட்டுங்கள்: முன்பக்கம் ஒரு செங்குத்து ‘வி’ வெட்டு, பின்னால் மேலே இரண்டு சிறு பின்குளம்புகள். தரைக்கோட்டோடு குளம்பு சேருமிடத்தில் கூர்மையான வெட்டுக் கோடு வேண்டும். அந்தக் கோடு மழுங்கினால் விலங்கின் எடை தரையில் இறங்காது.

ஏதாவது துண்டு பெயர்ந்தால், அந்தத் துண்டு கையில் இருந்தால் கல் ஒட்டும் எப்பாக்சியால் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தொலைந்துவிட்டால் குழியை நனைத்து, ஜிப்சம் சாந்தோடு அதே கல்லின் தூளைக் கலந்து அடைத்து, இறுகியபின் செதுக்குங்கள். வண்ணம் பூசப்போகிற பலகையில் இந்த ஒட்டு தெரியவே தெரியாது.

தேய்ப்பு

120 எண்ணில் தொடங்கி 220, கடைசியில் 400, எப்போதும் ஈரத்தில். பின்னணிக்கு உப்புத்தாளைச் சிறு மரக்கட்டையில் சுற்றித் தேயுங்கள். விரலால் தேய்த்தால் அலையலையாகும். உருவத்தின் விளிம்பில் உப்புத்தாள் படவே கூடாது. இருபது மணிநேரம் உளியால் சம்பாதித்த கூர்மையைப் பத்து நிமிடத் தேய்ப்பு தின்றுவிடும். 400க்கு மேல் போகாதீர்கள். பளபளத்த கல்லில் நிழல் சிதறும், வண்ணமும் பிடிக்காது.

வண்ணம்

வண்ணம் இல்லாத எகிப்தியப் புடைப்பு பாதி முடிந்த வேலை. சுவர்களில் இன்று வெறும் கல் தெரிவது காலம் உதிர்த்ததால். ஜிப்சத்தைப் பாலைவிடச் சற்று நீர்மையாகக் கரைத்து ஒரே ஒரு பூச்சு கொடுங்கள். கெட்டியாகப் பூசினால் கண் இமையும் குளம்புப் பிளவும் நிரம்பிப்போகும். செங்காவி, மஞ்சட்காவி, கரித்தூள், சுண்ண வெள்ளை ஆகிய நான்கு போதும். எகிப்திய நீலம் குவார்ட்ஸ் மணல், சுண்ணாம்பு, செம்பு, உப்புக்காரம் ஆகியவற்றை 850 முதல் 1000 பாகை செல்சியஸ் வரை சுட்டு எடுத்தது. காளைக்கு அது தேவையில்லை.

அகேசியா மரக் கோந்து 1 பங்கு, வெந்நீர் 3 பங்கு கரைத்து வடிகட்டி, அதில் நிறப்பொடியைக் குழையுங்கள். ஒரு மூலையில் பூசிக் காயவிட்டு விரலால் தேயுங்கள். நிறம் விரலில் ஒட்டினால் கோந்து குறைவு. மினுமினுத்து ஏடாக உரிந்தால் கோந்து அதிகம். நிறத்தைத் தட்டையாகப் பூசுங்கள். ஒளிநிழல் காட்டுவது கல்லின் வேலை, தூரிகைக்கு அது வேண்டாம். வெள்ளை உடலில் கரும்புள்ளித் திட்டுகள், அல்லது முழுச் செம்பழுப்பு, இரண்டும் கல்லறைச் சுவர்களில் உள்ளவை. கடைசியாக மெல்லிய தூரிகையால் வெளிக்கோட்டைச் செங்காவியில் ஒருமுறை ஓட்டவேண்டும்.

வேறு விலங்குகளுக்குப் போகும்போது

ஆந்தைக்கு உடல் பக்கவாட்டில், முகம் மட்டும் நம்மை நோக்கி. எகிப்தியப் பட எழுத்துக் குறியிலும் அப்படித்தான். கர்னாக்கில் அரசர் முதலாம் செனுஸ்ரெத்தின் வெள்ளை மண்டபத்தில் பறவைக் குறிகளின் இறகுகளைப் பாருங்கள், நுண்மையில் அதை மிஞ்சுவது கடினம். மீனுக்கு உடலின் ஆழம் 2 மி.மீ. போதும், ஆனால் துடுப்பின் இடமும் எண்ணிக்கையும் தப்பக் கூடாது. அரசி ஹட்செப்சுட்டின் டெய்ர் எல்-பாஹ்ரி கோயிலில் புந்த் நாட்டுப் பயணக் காட்சியின் கீழே உள்ள செங்கடல் மீன்களை இனம் சொல்ல முடிவது அதனால்தான். நீர்யானை எளிது என்று தோன்றும், ஆனால் வழவழப்பான பெரிய உடலில் ஒவ்வொரு உளித்தடமும் தெரிந்துவிடும். அதை மூன்றாவது நான்காவது பலகைக்கு வையுங்கள். ஓடும் விலங்கைச் செதுக்க ஆசைப்பட்டால், மெதினத் ஹாபு கோயிலில் அரசர் மூன்றாம் ராமேசஸ் காட்டெருதுகளை நாணலுக்குள் துரத்தும் காட்சியை முன்னால் வைத்துக்கொண்டு, குழிவு வகைக்கு மாறுங்கள். அதில் வெளிக்கோட்டின் வெளிச்சுவரைச் செங்குத்தாக நிறுத்தி, உட்பக்கத்தை மட்டும் கோட்டை நோக்கி உருட்டவேண்டும். 25 செ.மீ. உருவத்துக்கு விளிம்பில் 6 முதல் 8 மி.மீ. ஆழம் கொடுங்கள். இங்கேயும் உடலின் நடுப்பகுதி பழைய முகப்பு மட்டத்தைத் தாண்ட வழியில்லை என்பதால், உருட்டலைத் தோளிலும் தொடையிலும் மட்டும் தாராளமாக வையுங்கள்.

முடிந்த பலகையைச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிடாதீர்கள். அடிவிளிம்பைத் தாங்கும் இரண்டு எஃகுக் கொக்கிகளும் மேலே சாயாமல் பிடிக்கும் ஒரு கொக்கியும் வேண்டும். கல்லுக்கும் எஃகுக்கும் இடையே தோல் துண்டு வையுங்கள். விளக்கு பக்கவாட்டில் மேலிருந்து 20 முதல் 30 பாகைச் சாய்வில் விழட்டும். கோந்து வண்ணம் ஈரத்தில் கரையும் என்பதால் தூசியை உலர்ந்த மென்தூரிகையால் மட்டும் தட்டுங்கள்.